கேபின் பக்கத்து மூட்டைகள்

1. ஒன்பது மணி போன்

நான் வேலைக்குச் சேர்ந்து பதினோராவது மாதம். நாமக்கல் – திருச்செங்கோடு சாலையில் உள்ள ஒரு கோழித்தீவன மில்லின் ஆய்வகத்தில் க்யூ.சி., அதாவது தரக் கட்டுப்பாட்டு உதவியாளர். சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு ஆய்வகத்துப் போன் அடித்தது.

"தம்பி, சரோஜாக்கா பேசறன். உங்க மேடம் இருக்கறாங்களா?"

"ஸ்டோருக்குப் போயிருக்காங்க்கா. என்கிட்டச் சொல்லுங்க்கா."

"என்னத்தச் சொல்றது. முந்தாநாள் பதினோரு கோழி. நேத்துப் பத்தொம்பது. இன்னிக்குக் காலையில கூண்டுலருந்து எடுத்து வெளிய போட்டது இருபத்தெட்டு. முட்டை நூத்துக்குத் தொண்ணூறு வந்துட்டு இருந்தது, இப்ப எழுபத்தாறு. தீவனத்துல என்னத்தப் போட்டுக் குடுத்தீங்க?"

சரோஜாக்கா எங்கள் வாடிக்கையாளர். திருச்செங்கோட்டுக்கு மேற்கே பன்னிரண்டாயிரம் முட்டைக்கோழி வைத்திருக்கிறார். சொந்தமாக அரைக்கும் வசதி இல்லாததால் பத்து நாளைக்கு ஒரு லோடு தீவனம் எங்களிடம் எடுப்பார்.

"டாக்டர் பார்த்தாருங்களா அக்கா?"

"பார்த்தாரு. அறுத்தும் பார்த்தாரு. ஈரல் மஞ்சளாக் கெடக்குது, தொட்டா உதிருது. வெயிலுக்கும் இப்பிடி ஆகுமாம், தீவனத்துல பூஞ்சை நஞ்சு இருந்தாலும் ஆகுமாம். மில்லுல கேளுங்கன்னு சொல்லிப்போட்டு வண்டி ஏறிட்டாரு. அதான் கேக்கறன்."

"பார்த்துச் சொல்றனுங்க்கா."

"எப்பச் சொல்லுவ? ரெண்டு மணிக்கு மத்தியானத் தீனி போடோணும். அதுக்குள்ள சொல்லு. போடறதா வேண்டாமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், வெளக்கமெல்லாம் எனக்கு வேண்டாம்."

போனை வைத்துவிட்டுத் தொகுப்புப் பதிவேட்டைப் புரட்டினேன். அவருக்குப் போன தீவனத்தில் பாதி மக்காச்சோளம். அந்தச் சோளம் நான்காம் நம்பர் அட்டியிலிருந்து எடுத்தது. கோடவுனில் மூட்டைகளை மலை போல் அடுக்கி வைப்போமே, அதைத்தான் அட்டி என்பார்கள். நான்காம் அட்டி ஒரே லாரியில் வந்த முந்நூறு மூட்டை. அந்த லாரியைப் பாஸ் செய்து கையெழுத்துப் போட்டவன் நான்.

பதிவேட்டை மூடி வைத்தேன். ஏனென்று அப்போது அங்கே என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

2. நான் கொண்டுவந்த முறை, நானே உடைத்தது

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அம்மா எடப்பாடியில் விசைத்தறி ஓட்டுகிறார். அப்பா லாரியில் கிளீனராக ஏறி டிரைவராக இறங்கியவர். நான் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. புள்ளியியல் படித்தேன். இந்தக் குறிப்பை அதே துறையில் இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்காகத்தான் எழுதுகிறேன்.

வேலைக்கு நேர்காணலில் மேனேஜர் தங்கவேல் சார் கேட்டார்: "கெமிஸ்ட்ரி படிச்சவன் வந்தா டெஸ்ட் பண்ணுவான். நீ வந்து என்னத்தப் பண்ணுவ?"

"டெஸ்ட் நல்லா இருந்தாலும் சாம்பிள் செரியில்லன்னா முடிவு தப்பாப் போயிருமுங்க சார். நான் சாம்பிளைப் பார்த்துக்குவன்" என்றேன். எனக்கே என் பேச்சு பெருமையாக இருந்தது. வேலை கிடைத்தது.

அதற்கு முன் அங்கே நடைமுறை எப்படியென்றால், மூட்டை இறக்கும் லோடுமேன் குத்தூசியை எடுத்துக் கைக்கு எட்டிய மூட்டையில் குத்துவார். குத்தூசி என்பது ஒரு பக்கம் கூராகச் சீவிய இரும்புக் குழாய். சாக்கில் குத்தினால் உள்ளிருக்கும் தானியம் குழாய் வழியாகக் கையில் விழும். அதை அரைத்து, மெத்தனாலில் கலந்து வடிகட்டி, ஸ்ட்ரிப் என்னும் சோதனைப் பட்டையைப் போட்டால், பத்து நிமிடத்தில் ரீடர் கருவியின் திரையில் அஃப்லடாக்சின் அளவு தெரியும். சோளத்தில் பூஞ்சை பிடித்தால் வரும் நஞ்சு அது. எங்கள் மில்லின் வரம்பு இருபது பி.பி.பி., அதாவது நூறு கோடிப் பங்கில் இருபது பங்கு. அதற்கு மேல் வந்தால் லாரி திரும்பிப் போக வேண்டியதுதான்.

சேர்ந்த ஒன்பதாவது மாதம் நான் ஒரு ஷீட் தயாரித்தேன். லாரியில் நீளவாக்கில் பதினைந்து வரிசை, வரிசைக்கு நான்கு மூட்டை அகலம், ஐந்து மூட்டை உயரம். மொத்தம் முந்நூறு. கேபினை ஒட்டிய முதல் மூட்டை எண் ஒன்று, பின்கதவை ஒட்டிய கடைசி மூட்டை எண் முந்நூறு. ரேண்டம் நம்பர் அட்டவணையிலிருந்து முப்பது எண்களை எடுத்து, அந்த மூட்டைகளில் மட்டும் குத்துவது. எந்த மூட்டைக்கும் அகப்படுவதற்குச் சமமான வாய்ப்பு. முழுமைத் தொகுதி, கூறு, சமவாய்ப்பு என்று கரும்பலகையில் படித்ததெல்லாம் லாரியின் மேல் ஏறி நின்றது போல் இருந்தது.

தங்கவேல் சார் ஷீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "காயிதச் செலவுதான? பண்ணு" என்றார்.

முதல் மாதம் ஒழுங்காகச் செய்தேன். அடியில் இருக்கும் மூட்டையின் எண் வந்தால் மேலே இருப்பதைப் புரட்ட வேண்டும். ஒரு லாரிக்கு இரண்டு மணி நேரம். அதற்கு முன்பாகப் படுதாவை, அதாவது லோடு மேல் இழுத்துக் கட்டியிருக்கும் தார்ப்பாயை, முழுக்க அவிழ்க்க வேண்டும். அங்கேதான் வந்தது வம்பு.

ராசு அண்ணன் என்று ஒரு டிரைவர். மேட்டூர்க்காரர். மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டி வந்திருந்தார்.

"தம்பி, கயித்துக்கு எத்தனை முடிச்சுத் தெரியுமா? இருவத்தி நாலு. அத்தனையும் அவுத்து, படுதாவ மடிச்சுக் கீழ போட்டு, நீ ஏறிக் குத்திப்போட்டு லோடு வேண்டாம்னு சொல்லிட்டீன்னா மறுக்கா ஆரு கட்டறது? கிளீனர் இந்த ட்ரிப்புக்கு வரல. நா ஒத்தையாளு."

"ரூலுங்கண்ணா."

"ரூலு போட்டது ஆரு?"

"நாந்தாங்க."

"அப்ப நீயே கொஞ்சம் தளத்தி உடு. பின்கதவத் தொறந்து உடறன், நல்லா ஆசை தீரக் குத்திக்க. ஒரே ஊரு சோளம், ஒரே கோடவுனு. முன்னால ஒரு சோளம் பின்னால ஒரு சோளமாவா இருக்கப்போவுது?"

என் அப்பாவின் உள்ளங்கை கயிறு இழுத்து இழுத்துக் காய்ப்புப் பிடித்திருக்கும். சோறு பிசையும்போது வெடிப்பில் உப்பு பட்டு அவர் முகம் சுளிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். ராசு அண்ணனின் கையையும் பார்த்தேன். "செரிங்கண்ணா, பின்கதவை மட்டும் தொறங்க" என்றேன்.

பின்னால் இருக்கும் மூன்று வரிசையில் முப்பது மூட்டை குத்தினேன். பிறகு ஆய்வகத்துக்கு வந்து, அட்டவணையைத் திறந்து, முப்பது ரேண்டம் எண்களை எடுத்து ஷீட்டில் எழுதினேன். 7, 214, 58, 131 என்று வரிசையாக, நீல மையில். குத்தியது ஓரிடம், எழுதியது வேறிடம். ரீடிங் ஏழு. பாஸ்.

அதன் பிறகு படுதா கட்டி வந்த எந்த லாரியையும் நான் முழுக்க அவிழ்க்கச் சொல்லவில்லை. டிரைவர்கள் என்னை "நல்ல தம்பி" என்றார்கள். ஷீட்டுகள் கோப்பில் ஒழுங்காக ஏறிக்கொண்டிருந்தன. நான்காம் அட்டியின் சோளம் அந்த ராசு அண்ணன் லாரியில் வந்தது.

3. மறுபடியும் பாஸ்

ஆய்வகப் பொறுப்பாளர் கலைவாணி மேடம் என்னைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். கோபம் வந்தால் குரலை உயர்த்தமாட்டார், பேசுவதை நிறுத்திவிடுவார். சரோஜாக்கா சொன்னதை அவரிடம் சொன்னேன். "ரிட்டெயின் சாம்பிளை எடு" என்றார்.

ஒவ்வொரு லாரியின் சாம்பிளிலும் அரைக் கிலோவைத் தனியாகக் கவரில் போட்டு ஒரு மாதம் வைத்திருப்போம். புகார் வந்தால் அதைத் திறந்து மறுபடி சோதிப்பது. மேடமே அரைத்தார், மேடமே ஸ்ட்ரிப் போட்டார். பத்து நிமிடம் ரீடரின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு. சந்தேகத்துக்கு இன்னொரு முறை போட்டார். எட்டு.

தங்கவேல் சார் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். "எவ்வளவு?"

"ஆறு, எட்டு. வரம்புக்கு ரொம்பக் கீழ சார்."

"அப்ப வெயிலுதான். அக்காகிட்டச் சொல்லுப்பா, ஷெட்டு மேல தண்ணி அடிக்கச் சொல்லு. குடிதண்ணில வைட்டமின் கலக்கச் சொல்லு. நம்ம தீவனத்துல ஒண்ணுமில்ல. மூணு தடவ டெஸ்ட் பண்ணியாச்சுன்னு அழுத்திச் சொல்லு." போய்விட்டார்.

மணி பத்து இருபது. நான் போனை எடுத்தேன். நான்கு எண்களை அழுத்தி, வைத்துவிட்டேன்.

மூன்று முறை சோதித்தது உண்மை. ஆனால் மூன்றும் ஒரே கவர். பின்கதவுப் பக்கத்து அறுபது மூட்டையிலிருந்து எடுத்த அதே சோளம். அதை நூறு முறை சோதித்தாலும் ஆறு, ஏழு, எட்டு என்றுதான் வரும். கேபின் பக்கத்து இருநூற்று நாற்பது மூட்டையைப் பற்றி அந்தக் கவருக்கு எதுவுமே தெரியாது. சாம்பிளின் அளவைக் கூட்டினால் பிழை குறையும் என்று படித்திருக்கிறோம். எடுத்த இடமே கோணலாக இருந்தால் அது குறையாது. அதே தப்பான பதிலைத்தான் இன்னும் உறுதியாகச் சொல்லும்.

வாயைத் திறக்காமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது. காகிதத்தில் நான் சுத்தமானவன். முப்பது எண்கள், ரேண்டம் அட்டவணை, கையெழுத்து. அப்பா டீக்கடையில் "பையன் லேப்ல இருக்கறான்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். பதினோரு மாத வேலை. இரண்டு மணிக்கு அங்கே தீனி போடுவார்கள்.

4. மேடத்திடம் சொன்னது

"மேடம், அந்த லாரில நான் எல்லா மூட்டையும் குத்தலீங்க."

மேடம் ஸ்ட்ரிப்பைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். "முப்பதுல எத்தனை உட்டுட்ட?"

"முப்பதும் குத்துனனுங்க. பின்கதவுப் பக்கம் மட்டும். படுதா அவுக்கல."

"ஷீட்ல இருக்கற நம்பரு?"

"அது எழுதுனது மட்டுந்தாங்க."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கோப்பை எடுத்து அந்த ஷீட்டைப் பார்த்தார். பிறகு அதற்கு அடுத்த ஷீட். பிறகு அதற்கும் அடுத்தது. நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"இதுல எத்தனை ஷீட்டு இப்பிடி?"

"போன மாசத்துலருந்து எல்லாமேங்க."

கோப்பை மூடி மேசையில் வைத்தார். அவர் திட்டியிருந்தால் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன். பிறகு, "அட்டில மிச்சம் எத்தனை?" என்றார்.

"நூத்தித் தொண்ணூறு மூட்டைங்க."

"குத்தூசிய எடு."

இருவரும் கோடவுனுக்கு ஓடினோம். மேடம் சுண்ணாம்புக் கட்டியால் மூட்டைகளில் எண் போட்டார். நான் போனில் ரேண்டம் எண்களை எடுத்து வாசித்தேன். இந்த முறை எந்த எண்ணையும் விடவில்லை. தூசியில் தும்மித் தும்மி, மூட்டைகளைப் புரட்டிப் புரட்டி முப்பது மூட்டை குத்தி முடிக்கும்போது மணி பதினொன்றரை. அரைத்து, கலந்து, ஸ்ட்ரிப் போட்டு, பத்து நிமிடம்.

ஒன்பது.

மேடத்தின் முகம் தளர்ந்தது. "இந்தத் தடவ செரியாத்தான எடுத்தோம்? நீ பண்ணது தப்பு, அத அப்புறம் பேசிக்கலாம். ஆனா சோளம் நல்ல சோளந்தான். போனைப் போட்டு அக்காகிட்டச் சொல்லிரு."

தப்பித்துவிட்டேன் என்றே நினைத்தேன். கை கழுவக் குழாயடிக்குப் போனேன். அங்கே லோடுமேன்களின் மேஸ்திரி பெரியண்ணன் பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, காலைலருந்து அட்டி மேலயே குடியிருக்கறீங்க?"

"நாலாம் அட்டி சோளத்த மறுபடி பார்த்தமுங்கண்ணா. நல்லாத்தான் இருக்குது."

"நல்லாத்தான் இருக்கும். நாத்தம் அடிச்சதெல்லாம் மேல கெடந்ததுதான? அது பத்து நாளைக்கு மின்னயே அரவைக்குப் போயிருச்சு."

குழாயை மூடினேன். "எது நாத்தம் அடிச்சுது?"

"கேபின் பக்கத்து மூட்டைங்க. படுதா ஓட்ட போல, தண்ணி எறங்கியிருந்துது. கடைசியா எறக்குனது அது."

"ஏங்கண்ணா சொல்லல?"

"லேபுல பாஸுன்னு சீட்டு வந்துருச்சே. நாங்க சொல்லி என்னாகப் போவுது?"

விளங்கிவிட்டது. லாரியில் பின்கதவுப் பக்க மூட்டைகள் முதலில் இறங்கும். அவை அட்டியின் அடியில் போகும். கேபின் பக்கத்து மூட்டைகள் கடைசியாக இறங்கி உச்சியில் ஏறும். அரவைக்கு எடுக்கும்போது உச்சியிலிருந்துதான் எடுப்பார்கள். நனைந்த மூட்டைகளெல்லாம் முதல் வேளையாகச் சரோஜாக்காவின் தீவனத்துக்குப் போய்விட்டன. இப்போது அட்டியில் மிச்சம் இருப்பவை பின்பக்கத்து மூட்டைகள். அவற்றில் எவ்வளவு ஒழுங்காகக் கூறெடுத்தாலும் என் பழைய சாம்பிள் சொன்னதையேதான் சொல்லும். நாங்கள் சோதித்த தொகுதி வேறு, கோழி தின்ற தொகுதி வேறு.

சரியான முறையில் செய்த சோதனைதான் என்னை இன்னும் ஆழமாக ஏமாற்றப் பார்த்தது. ஐந்து நிமிடம் முன்னால் போன் செய்திருந்தால், "ரேண்டமா முப்பது மூட்டை பார்த்தமுங்க்கா, நல்ல சோளம்" என்று மனசார, பொய் இல்லாமல் சொல்லியிருப்பேன்.

5. ஒரு வார்த்தை

மேடத்திடம் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்தார். "அவங்ககிட்டத் தீவன மூட்டை பிரிக்காம இருக்குமா?"

"இருக்கும்ங்க."

"போய் எடுத்துட்டு வா. தங்கவேல் சார்கிட்ட நான் பேசிக்கறேன்."

பைக்கில் முக்கால் மணி நேரம். வெயில் ஹேண்டில்பாரில் கையை வைக்க விடவில்லை. பண்ணைக்குள் நுழைந்தபோது மணி ஒன்று பத்து. இரண்டு ஷெட், நீளமாக, கூண்டு மேல் கூண்டு. வழக்கமாக அந்த நேரத்தில் கோழிகள் போடும் சத்தத்தில் பேசினால் காது கேட்காது. அன்று கேட்டது.

சரோஜாக்கா ஷெட் வாசலில் நின்றிருந்தார். "போன்ல சொல்லுன்னா நேர்ல வந்து நிக்கற. அப்ப விசயம் பெருசு."

"மூட்டை எத்தனை இருக்குதுங்க்கா?"

"நாப்பது."

நாற்பது மூட்டைக்கும் சுண்ணாம்பில் எண் போட்டேன். போனில் எண்களை எடுத்தேன்.

"என்ன பண்ற?"

"எந்த மூட்டைல குத்தறதுன்னு நம்பர் எடுக்கறனுங்க்கா."

"கோழி செத்துட்டு இருக்குது, நீ சீட்டுக் குலுக்கற."

"என் இஷ்டத்துக்கு எடுத்தாத் தப்பா வந்துருதுங்க்கா. ஒருக்கா அப்பிடித்தான் ஆயிருச்சு."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். அதற்கு மேல் கேட்கவில்லை. பத்து மூட்டையில் குத்தி எடுத்துக் கவரில் போட்டேன். மணி ஒன்று நாற்பது. ஷெட்டின் மறு முனையில் வேலைக்காரப் பெண்கள் இருவர் தீவனச் சட்டிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மில்லுக்குப் போயி டெஸ்ட் பண்ணிச் சொல்றனுங்க்கா. மூணு மணி ஆயிரும்."

"ரெண்டு மணிக்குத் தீனி. போடறதா, வேண்டாமா?"

தம்பி தங்கைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். பாடத்தில் இன்மை எடுகோள் என்று ஒன்றை வைப்போம். எங்கள் தொழிலில் அது "தீவனம் நல்லது" என்பது. அது உண்மையாக இருக்கும்போது தள்ளினால் முதல் வகைப் பிழை. பொய்யாக இருக்கும்போது தள்ளாமல் விட்டால் இரண்டாம் வகைப் பிழை. பரீட்சையில் நான் இதை அட்டவணை போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். நான்கு கட்டம், இரண்டில் டிக், இரண்டில் பெருக்கல் குறி. அந்தக் கட்டங்களுக்குள் யார் நிற்கிறார்கள் என்று எழுத இடமே இருந்ததில்லை.

என் கையில் இருந்த சோதனைகள் நான்கும் பாஸ். எதிராக இருந்தது பெரியண்ணன் சொன்ன நாற்றம் மட்டும். "போடாதீங்க" என்று சொல்லி, தீவனம் நல்லதாக இருந்தால், வெயில் நேரத்தில் பன்னிரண்டாயிரம் கோழியும் ஒரு வேளை பட்டினி, முட்டை இன்னும் விழும். சொந்த மில்லின் தீவனத்தைப் போடாதே என்று வாடிக்கையாளரிடம் சொன்னவனுக்கு மறுநாள் வேலை இருக்காது. "போடுங்க" என்று சொல்லி, தீவனம் கெட்டதாக இருந்தால், ஏற்கெனவே ஈரல் உதிரும் கோழிக்கு இன்னொரு வேளை நஞ்சு. இரண்டு பிழையும் ஒரே எடை அல்ல. எது பெரிது என்று எந்த அட்டவணையும் சொல்லாது. அங்கே நிற்பவன்தான் சொல்ல வேண்டும்.

"போடாதீங்க்கா" என்றேன்.

"உறுதியாச் சொல்றயா?"

"உறுதி இல்லீங்க்கா. ஆனாப் போடாதீங்க. லாரில வந்த சோளத்த நான் செரியாப் பார்க்காம உட்டுட்டன். முன்பக்கம் நனைஞ்சிருந்திருக்குது. நான் பின்பக்கம் மட்டும் பார்த்தன்."

அவர் என்னை அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். அவர் ஷெட்டுப் பக்கம் திரும்பி, "அம்மிணி, சட்டியக் கீழ வைங்க" என்றார். பிறகு போனை எடுத்துப் பக்கத்துப் பண்ணைக்காரரைக் கூப்பிட்டு, "அண்ணா, ஒரு இருவது மூட்டை தீவனம் இப்பவே அனுப்புங்க, அப்புறமாப் பேசிக்கலாம்" என்றார். போனை வைத்துவிட்டு என்னிடம், "நீ இன்னும் இங்கயே நின்னுட்டிருக்கற. போயி டெஸ்டப் பண்ணு" என்றார்.

6. ரீடிங்

மூன்று மணிக்கு ஸ்ட்ரிப் போட்டோம். மேடம் ஒரு பக்கம், தங்கவேல் சார் ஒரு பக்கம். திரையில் அறுபத்து நான்கு.

எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று. அப்படி இல்லை. அந்த எண் பத்து நாளாக அங்கே ஷெட்டுக்குள் இருந்திருக்கிறது. நான் எழுதிய ஏழு என்ற எண்தான் அதை உள்ளே அனுப்பியது.

தங்கவேல் சார் என் பக்கம் திரும்பினார். "காலைல ரெண்டு டெஸ்ட்டு பாஸு. அப்பவே முடிஞ்சு போயிருக்கும். நீயா வந்து இழுத்து உட்ட."

"ஆமாங்க சார்."

"ஏண்டா?"

"ரெண்டு மணிக்குத் தீனி சார்" என்றேன். அவர் வெளியே போய்விட்டார்.

மில் அந்த நாற்பது மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. சரோஜாக்காவுக்கு மொத்தம் முந்நூற்றுச் சொச்சம் கோழி போயிற்று. எனக்கு மெமோ வந்தது. ஒரு மாதம் சாம்பிள் எடுக்கும் வேலையிலிருந்து நிறுத்தி, மூட்டைக்கு லேபிள் ஒட்டும் இடத்தில் உட்கார வைத்தார்கள். அந்த மாதம் வீட்டில் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா கேட்கும்போதெல்லாம் "லேப்லதான்" என்றேன். என் பழைய ஷீட்டுகளில் எல்லாம் மேடம் சிவப்பு மையில் "பின்வரிசை மட்டும்" என்று எழுதினார். ஒன்றைக்கூடக் கிழிக்கவில்லை. அவை இன்னும் கோப்பில் இருக்கின்றன.

இப்போது முறையை மாற்றியிருக்கிறோம். லாரி நிற்கும்போது குத்துவதில்லை. இறக்கும்போது குத்துகிறோம். முதல் பத்து மூட்டையில் ஒன்றைச் சீட்டுக் குலுக்கி எடுப்போம். அதிலிருந்து ஒவ்வொரு பத்தாவது மூட்டையும், லோடுமேன் தோளில் இருந்து இறங்கும் இடத்திலேயே குத்தி, வரிசையைக் குறித்துக்கொள்கிறோம். முறைசார் கூறெடுத்தல் என்று பாடத்தில் வருமே, அதுதான். எந்த மூட்டையும் ஒளிய முடியாது. எந்த மூட்டை நாற்றம் அடித்தாலும் பெரியண்ணன் உடனே கூப்பிட வேண்டும் என்றும் பேசி வைத்தேன். ரிசல்ட் வரும் வரை மூட்டைகள் தனியாக நிற்கும். டிரைவர்கள் முணுமுணுக்கிறார்கள். பாதி இறக்கிய பிறகு வேண்டாம் என்றால் மறுபடி ஏற்ற வேண்டுமே என்று. நியாயம்தான். அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. என்னை யாரும் இப்போது நல்ல தம்பி என்பதில்லை.

7. அடுத்த லோடு

இரண்டு மாதம் கழித்து சரோஜாக்கா மறுபடி எங்களிடம் தீவனம் கேட்டார். ஏன் கேட்டார் என்று தெரியாது. நானே வண்டியுடன் போகிறேன் என்று மேடத்திடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். டெஸ்ட் ரிப்போர்ட்டும் கையில் இருந்தது. போகும் வழியெல்லாம் அதை நான்கு முறை எடுத்துப் பார்த்தேன். எண்கள் மாறவில்லை.

ஷெட்டில் சத்தம் இருந்தது. முட்டை எண்பத்து நான்கு வருகிறது என்றார். பழைய தொண்ணூறு இந்தத் தொகுதிக் கோழிக்கு இனி வராது என்றார்.

ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"தீவனம் நல்லதா?"

வாய்வரை வந்த "நல்லதுங்க்கா" என்ற சொல்லை அப்படியே நிறுத்தினேன். சோளம் வந்த மூன்று லாரியிலும் ஒழுங்காக எடுத்தோம். எல்லாம் வரம்புக்குக் கீழே. ஆனால் அதற்கு அர்த்தம் தீவனம் நல்லது என்று நிரூபித்துவிட்டோம் என்பதல்ல. கெட்டது என்று சொல்ல எங்களிடம் ஆதாரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். வகுப்பில் புள்ளியியல் ஐயா இதைச் சொன்னபோது வெறும் வார்த்தை ஜாலம் என்று நினைத்தேன்.

"தேடுனமுங்க்கா. கெட்டது எதுவும் சிக்கல."

"அப்ப நல்லதுன்னு சொல்லமாட்ட."

"எல்லா மூட்டையும் பிரிச்சுப் பார்க்கலீங்களே. பத்துல ஒண்ணுதான் பார்த்தோம். எங்கயாச்சும் ஒண்ணு தப்பியிருக்கலாம். அதுக்குக் கொஞ்சம் வாய்ப்பு இருக்குதுங்க."

"போன தடவ மில்லுல என்ன சொன்னாங்க தெரியுமா? அந்தக் கெட்ட லோடு எறக்கறப்ப. கண்ண மூடிட்டுப் போடுங்க, சுத்தமான சரக்குன்னாங்க."

ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன்.

அவர் லாரியைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு ஷெட்டுக்குள் திரும்பி, "செரி, எறக்குங்க" என்று ஆட்களிடம் சொன்னார். என்னிடம், "மொத ரெண்டு நாளைக்கு ஒரு வரிசைக் கூண்டுக்கு மட்டும் போட்டுப் பார்க்கறன். மத்ததுக்கு இப்பப் போட்டுட்டு இருக்கற வெளித்தீனி. என்ன ஆவுதுன்னு பார்த்துட்டு உனக்குப் போன் பண்றன்" என்றார்.

"எந்த வரிசைங்க்கா?" என்று கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "அத நீயே சீட்டுக் குலுக்கி எடுத்துக் குடுத்துட்டுப் போ" என்றார்.